ஒட்டத் தெரியாதவர் வண்டி ஸ்டிக்கர் ஆர்டர் பிடிக்கலாமா?

கோவை வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 34. உணவுப் பொருள் விநியோக நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் வேலை. வண்டிகளுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டி விளம்பரமாக்கும் ரேப்பிங் வேலைக்கு ஆர்டர் பிடித்து, ஸ்டிக்கர் கடைகளிடம் கொடுத்துச் செய்து வாங்கித் தரும் தொழிலில் இறங்க நினைக்கிறார். கையில் 6 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது.

வேலை வழியாக அறிமுகமான ஒரு மசாலா கம்பெனி, தன் 12 குட்டியானைகளுக்கும் ஸ்டிக்கர் ஒட்ட விலை கேட்டிருக்கிறது. எல்லாமே மூடிய பெட்டி கட்டியவை: 7 அடி நீளம், 5 அடி அகலம், ஐந்தரை அடி உயரம். அதில் பாதி வண்டிகள் இப்போதுதான் நாமக்கல் பக்கம் பாடி கட்டி, பெயின்ட் அடித்து வரப்போகின்றன. ஸ்டிக்கர் கடைக்காரர் பிரிண்ட், லேமினேஷன், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 90 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று சொல்ல, இவர் கம்பெனியிடம் 120 ரூபாய் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“எனக்கு ஒரு ஸ்டிக்கர்கூட ஒழுங்காக ஒட்டத் தெரியாது. அது தடையா?” என்பது முதல் கேள்வி. கூடவே சில முடிவுகளையும் எடுத்து வைத்திருக்கிறார். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வேலையில் குறை வந்தால் அது கடைக்காரர் பொறுப்பு. ஸ்டிக்கருக்கான வினைல் பிலிமைத் தயாரிக்கும் கம்பெனியே தருவதால் ஐந்து வருட வாரண்டி கொடுக்கலாம். பெயின்ட் இல்லை, ஸ்டிக்கர்தான் என்பதால் ஆர்.டி.ஓ.வுக்கு வேலை இல்லை. இவருடைய வாடிக்கையாளரிடம் கடைக்காரர் ஐந்து வருடம் நேரடியாகப் போகக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கிவிடலாம். கம்பெனி பணத்தை நிலுவையில் வைத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டும் ஸ்க்வீஜியைப் பிடிக்கத் தெரியாமலே இந்தத் தொழிலைச் செய்யலாம். சட்டப்படி எந்தச் சான்றிதழும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒட்டியது சரியா, தப்பா என்று பார்க்கத் தெரியாமல் செய்ய முடியாது. அளவு எடுக்கவும், பிலிமைப் பெயர் சொல்லிக் கேட்கவும், முடிந்த வண்டியைச் சுற்றி வந்து குறை கண்டுபிடிக்கவும் தெரிந்தால் போதும், ஒட்டுகிறவர் ஒட்டிக்கொள்வார். இந்த மூன்றும் தெரியாமல் ஆர்டர் பிடித்தால், கடைக்காரர் சொல்வதை வாடிக்கையாளரிடமும் வாடிக்கையாளர் திட்டுவதைக் கடைக்காரரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான் மிஞ்சும். உங்களுடைய மற்ற முடிவுகளில் பெரும்பாலானவை சரியில்லை. பணத்திலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான்.

90-க்கு வாங்கி 120-க்கு விற்றால் 30 ரூபாய் நிற்குமா?

நீங்கள் வண்டியை அளந்தீர்கள். ஒரு பக்கம் 7-க்கு 5½, அதாவது 38.5 சதுர அடி. இரண்டு பக்கம் 77. பின்பக்கம் 27.5. மொத்தம் 104.5 சதுர அடி. வண்டிக்கு 12,540 ரூபாய் பில், கடைக்கு 9,405 போக 3,135 ரூபாய் லாபம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் வண்டியை அளப்பதில்லை, ரோலை அளக்கிறார். பிரிண்ட் வினைல் வழக்கமாக 54 அங்குல அகலம், அதாவது நாலரை அடி. ஐந்தரை அடி உயரத்துக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் ஒரு துண்டு 5 அடி 10 அங்குலம் ஓட வேண்டும். ஏழடிப் பக்கத்துக்கு நாலரை அடித் துண்டு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது துண்டில் ஓரமும் இணைப்பும் போக ஒன்றரை அடிக்கு மேல் அகலம் மிஞ்சும்; நல்ல கடைக்காரர் அந்த மிச்சத்தில் பின்பக்கத்தின் குறுகிய துண்டைப் பிரிண்ட் செய்துவிடுவார். அப்படிச் சிக்கனமாகச் செய்தாலும் வண்டிக்கு ஐந்து துண்டு, சுமார் 131 சதுர அடி ரோல் ஓடும். குறுக்குவாட்டில் ஓட்டினால் 123-க்கு இறக்கலாம், ஆனால் பக்கம் முழுக்க நீளமாக ஒரு இணைப்புக் கோடு ஓடும்; அதில் மசாலா பாக்கெட் படமோ எழுத்தோ வெட்டுப்படாமல் டிசைன் அமைய வேண்டும்.

131 சதுர அடிக்கு 90 ரூபாய் என்றால் 11,790. உங்கள் பில் 12,540. வண்டிக்கு நிற்பது 750 ரூபாய். பன்னிரண்டு வண்டிக்கு 9,000. அதிலும் ஒரே ஒரு பக்கம் குமிழ் விட்டு மறுபடி ஒட்ட வேண்டி வந்தால், அந்த இரண்டு துண்டுக்கு மட்டும் 4,725 ரூபாய். ஆறு வண்டி லாபம் அங்கேயே போய்விட்டது. கேபின் கதவு, முன்முகப்பு ஆகியவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அவை வளைவான இடங்கள், கழிவும் கூலியும் இன்னும் அதிகம்.

இப்போது ஜி.எஸ்.டி.யைச் சேருங்கள். நீங்கள் பதிவு செய்யவில்லை என்றால் கடைக்காரர் போடும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, உங்கள் பில்லிலும் வரி போட முடியாது. 11,790 என்பது 13,912 ஆகிவிடும். வண்டிக்கு 1,372 ரூபாய் கைநட்டம்! 20 லட்சத்துக்குக் கீழே பதிவு கட்டாயமில்லை என்பது பொதுவாகச் சரிதான். கட்டாயமில்லை என்பதால் லாபம் என்று ஆகிவிடாது. வாங்குகிறவர் கம்பெனியாக இருந்தால் அவருக்கும் வரி பில் வேண்டும், அவர் அதை எடுத்துக்கொள்வார். இதுபோன்ற வாடிக்கையாளர்களை நம்பித் தொடங்கும்போது தானாக முன்வந்து பதிவு செய்துகொள்வதே சரி. வேறொரு வரிதாரர் சார்பில் அவருடைய முகவராக நின்று சப்ளை செய்கிறவருக்கு இந்த 20 லட்சம் வரம்பே பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் அறிமுகத்துக்குக் கமிஷன் வாங்குவதும், சார்பாக நின்று வாங்கிக் கொடுப்பதும் வேறு வேறு. உங்கள் ஒப்பந்த வாசகத்தைக் காட்டி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சதுர அடி விலை சொல்வதையே விட்டுவிடுங்கள். அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் கணக்கு. வாடிக்கையாளருக்கு ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். ரோல் கணக்குப்படி செலவு 11,790, மறுவேலைக்கு 5 சதவீதம் ஒதுக்கீடு, அலைச்சலுக்கு ஒரு தொகை, உங்கள் உழைப்புக்கு 2,000 ரூபாய்க்கு மேல் என்று வைத்தால், கேபின் இல்லாமலே வண்டிக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய், வரி தனி. இதற்குக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த ஆர்டர் உங்களுக்கானது இல்லை. பன்னிரண்டு வண்டிக்கும் கடைக்கு வரியோடு சுமார் 1.67 லட்சம் நீங்கள் கொடுத்துவிட்டு, கம்பெனியிடம் 45 நாள், 60 நாள் என்று காத்திருக்கும் சூழ்நிலையை வேறு யோசித்துப் பாருங்கள். வரி கட்டும் தேதி பில் தேதியைப் பார்த்து வரும், பணம் வந்த தேதியைப் பார்த்து வராது.

யார் பெயரில் பில்லோ அவர் பொறுப்பு

‘நான் இடைத்தரகர்தான்’ என்று நீங்கள் சொல்லிக்கொள்வதால் சட்டம் அப்படிப் பார்க்காது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடைக்காரர் நேராக வாடிக்கையாளருக்குப் பில் போடுவார். நீங்கள் கடைக்காரரிடம் கமிஷன் பில் போடுவீர்கள். யாருக்காக முகவராக நிற்கிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 230-ஆவது பிரிவின்படி முகவர் பொதுவாகத் தனிப்பட்ட முறையில் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். இரண்டு, உங்கள் பெயரில் பில். அப்போது வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் ஒப்பந்ததாரர், கடைக்காரர் உங்கள் துணை ஒப்பந்ததாரர். ஸ்டிக்கர் உரிந்தாலும், பிளேடு பெயின்ட்டைக் கீறினாலும் கம்பெனி உங்களைத்தான் கேட்கும். நீங்கள் கடைக்காரரிடம் வசூலித்துக்கொள்வது உங்கள் பாடு. சொந்தக் காருக்கு ஒட்டிக்கொள்ளும் தனிநபர் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

நீங்கள் இரண்டாவது வழியின் லாபத்தையும் முதல் வழியின் பொறுப்பையும் எதிர்பார்க்கிறீர்கள். அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. முதல் சில மாதங்கள் கமிஷன் வழியிலேயே போங்கள். வருமானம் குறைவுதான், ஆனால் வேலை கற்றுக்கொள்ளும் காலத்தில் அடுத்தவர் தவறுக்கு உங்கள் 6 லட்சம் போகாது.

எந்த வழியாக இருந்தாலும் வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர், ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல், துரு எல்லாம் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாவியை நீங்கள் வாங்கிக் கடையில் விட்டால், வண்டி திரும்பிப் போகும்வரை அதைப் பொறுப்பாகக் காக்கும் கடமை ஒப்பந்தச் சட்டம் 151-ஆவது பிரிவின்படி உங்கள்மேலும் விழலாம். ஓட்டுநரையே கடையில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள்.

வாரண்டி: எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும்

பிலிம் கம்பெனிகள் தரும் வாரண்டி பிலிமுக்கு. அதுவும் அவர்கள் பட்டியலிட்ட மை, அவர்களுடைய லேமினேஷன் பிலிம், அவர்கள் சொன்ன முறையில் ஒட்டியது என்று எல்லாம் பொருந்தினால்தான். வெயில் அதிகமான நாடுகளுக்குக் காலம் குறைவு. பானெட், கூரை போல வானம் பார்த்த இடங்களுக்கு இன்னும் குறைவு. ஒட்டும் வேலையில் வந்த குறைக்கு அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். நடைமுறையில் முதல் ஆண்டுக்குள் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒட்டும் வேலையையும் அடியில் இருக்கும் பெயின்ட்டையும் சேர்ந்தவைதான். ஆகவே, நீங்கள் உங்கள் வாயால் ஐந்து வருடம் என்று சொல்லாதீர்கள். ஒட்டுவேலைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கடைக்காரர் எழுதித் தருவதை அப்படியே கொடுங்கள். பிலிம் கம்பெனியின் வாரண்டித் தாளை இணைப்பாகத் தாருங்கள்.

எங்கே கெடும் என்று தெரிந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியும். உங்கள் ஆர்டரில் எனக்குக் கண்ணில் படும் முதல் ஆபத்து அந்தப் புது வண்டிகள். புதுப் பெயின்ட் காயும்போது உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று மறுநாளே ஸ்டிக்கர் ஒட்டினால், அந்த ஆவி போக வழியில்லாமல் அடியில் சின்னச் சின்னக் குமிழ்களாகத் தேங்கும். ஊசியால் குத்தினாலும் திரும்பத் திரும்ப வரும். கழற்றினால் பெயின்ட்டும் கூடவே உரிந்து வரும். காற்றில் காயும் பெயின்ட்டுக்குக் குறைந்தது மூன்று வாரம் விடச் சொல்வார்கள். பெயின்ட் கம்பெனியின் தாள் அதற்கு மேல் சொன்னால் அதுவே கணக்கு. ஆறு பழைய வண்டிகளை முதலில் எடுத்துக்கொண்டு புதியவற்றைப் பின்னால் தள்ளுங்கள். பழைய வண்டியில் துரு, பட்டி பார்த்த இடம், உப்பிய பெயின்ட் இருந்தால் அங்கே ஒட்டுவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பிலிம். மெல்லிய காஸ்ட் பிலிம் சுமார் 50 மைக்ரான். வளைவில், ரிவெட் தலையில், பள்ளத்தில் உட்கார்ந்து அப்படியே நிற்கும், விலையும் அதிகம். காலண்டர்டு பிலிம் 70 முதல் 100 மைக்ரான். இழுத்து நீட்டினால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதிலும் பாலிமெரிக் வகை நல்லது, மோனோமெரிக் மலிவு. மோனோமெரிக் சில மாதம் ஓடும் விளம்பரத்துக்குச் சரி. நம் வெயிலில் ஓரம் சுருங்கி, சுற்றிலும் அழுக்குப் பிடித்த பசைக்கோடு தெரியும். உங்கள் வண்டிப் பெட்டி தட்டையான தகடு என்றால் பாலிமெரிக்கும் அதற்கேற்ற லேமினேஷனும் போதும், காஸ்ட் விற்க வேண்டாம். பெட்டி நெளிவுத் தகடா, ரிவெட் வரிசை இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. நெளிவுத் தகடு என்றால் கணக்கே வேறு: பள்ளங்களில் பாலிமெரிக் சில வாரங்களில் கூடாரம் போல எழும்பி நிற்கும், அதற்குக் காஸ்ட்தான் வேண்டும், அளவும் கூடும். கேபின் வளைவுக்கும் காஸ்ட்தான்.

‘இம்போர்ட்டட்’, ‘நல்ல கம்பெனி’ என்பதெல்லாம் பிலிமின் பெயர் இல்லை. 3எம், ஏவரி டென்னிசன், ஓராஃபோல் என்று கம்பெனி சொன்னாலும் போதாது. ஒவ்வொன்றிலும் மலிவு வகையும் இருக்கிறது. வகை எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ரோல் வந்த பெட்டியின் லேபிளைப் போட்டோ எடுங்கள். உரித்துப் போடும் அடித்தாளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் கம்பெனி பெயர் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் அதில் ஒரு துண்டை எடுத்து வண்டி எண் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கடையில் நீங்கள் கூடவே நின்று பார்க்க வேண்டியவை அதிகமில்லை. சால்வென்ட், ஈகோ சால்வென்ட் மையில் அச்சடித்த தாளைக் குறைந்தது 24 மணி நேரம் ஆறவிட்டு லேமினேட் செய்கிறார்களா? அவசரப்பட்டால் மையின் கரைப்பான் உள்ளேயே சிக்கிப் பசையை இளக்கிவிடும், ஓரம் சுருண்டு எழும். லேட்டக்ஸ் பிரிண்டர் என்றால் இந்தக் காத்திருப்பு இல்லை. வண்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, டீசல், கிரீஸ், பாலிஷ் பிசுக்கை எடுத்து, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கிறார்களா? நிழலில், நாலு பக்கம் அடைப்புள்ள இடத்தில் ஒட்டுகிறார்களா? நம் ஊர் ஆடிக் காற்றில் ரோட்டோரம் ஒட்டினால் ஒவ்வொரு புழுதிக்கும் ஒரு புள்ளி எழும்பும். மேல்துண்டு கீழ்த்துண்டின் மேலும், முன்துண்டு பின்துண்டின் மேலும் ஏறியிருக்க வேண்டும். மாறிப்போனால் மழைத் தண்ணீரும் எதிர்காற்றும் விளிம்பைத் தூக்கும். நீட்டி ஒட்டிய பள்ளங்களையும் ஓரங்களையும் ஹீட் கன்னால் சூடேற்றி முடிக்க வேண்டும். காஸ்ட் பிலிமுக்கு 90, 100 டிகிரி செல்சியஸ் பக்கம் கேட்பார்கள், சரியான எண் அந்தப் பிலிமின் தாளில் இருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நீட்டிப் பார்க்கும் ஒரு ஆள் பக்கத்தில் நின்றாலே பாதிக் கடைகளில் வேலை திருந்திவிடும்.

வண்டியின்மேல் வைத்து பிளேடால் வெட்டுவதை மட்டும் சகித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கீறலில் துரு பிடிப்பது ஸ்டிக்கரைக் கழற்றும் நாளில்தான் தெரியும். நூல் வைத்த டேப்பை முதலில் ஒட்டி, நூலை இழுத்து வெட்டும் முறை இருக்கிறது. கடைக்காரருக்கு அது பழக்கமா என்று கேளுங்கள். முடிந்த வண்டியை அன்றே பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை பாருங்கள். எழும்புகிறவை பெரும்பாலும் அதற்குள் எழும்பிவிடும். அந்த இரண்டு நாளும் வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது என்று ஓட்டுநரிடம் நேரில் சொல்லுங்கள். முதலாளியிடம் சொன்னால் ஓட்டுநருக்குப் போய்ச் சேராது.

ஆர்.டி.ஓ.வுக்கு வேலை உண்டு

வண்டியின் நிறம் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருக்கும் விவரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சோதனையில் நிறுத்துகிறவர் பெயின்ட்டா ஸ்டிக்கரா என்று சுரண்டிப் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் வெள்ளை, வண்டி சிவப்பு என்றால் கேள்வி வரும். வெள்ளை வண்டியில் வெள்ளை தெரியும்படி பெயரும் படமும் ஒட்டுவதில் இந்தச் சிக்கல் இல்லை; உங்கள் மசாலா கம்பெனிக்கு அப்படியே டிசைன் செய்யச் சொல்லுங்கள், ரோலும் மிச்சம். முழு நிறமும் மாறுகிற வேலை வந்தால், உரிமையாளர் முதலில் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து, கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்த வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். அபராதம் உரிமையாளருக்குத்தான், ஆனால் அவர் அடுத்த போனைப் போடுவது உங்களுக்கு.

தனியார் கார்களில் ராணுவப் பச்சை மேட் பிலிம் கேட்டு இளைஞர்கள் வருவார்கள். ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வேலையும் அப்படித்தான். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி 100. கறுப்பு பிலிமை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடுத்தது. வெளியே படமும் உள்ளிருந்து பார்வையும் தெரியும்படி துளையிட்ட ஓட்டைப்புள்ளி பிலிமைக் கண்ணாடியில் ஒட்டித் தருகிறேன் என்று நீங்களாக வாயைக் கொடுக்காதீர்கள்.

சரக்கு வண்டியில் நம்பர் பிளேட், விளக்குகள், முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கும் ஒளிரும் டேப், எழுதியிருக்க வேண்டிய உரிமையாளர் விவரம் இவை எதுவும் மறையக் கூடாது, மறைந்தால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையில் வண்டி நிற்கும். எஃப்.சி. தேதியையும் கேளுங்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். எஃப்.சி.க்கு முன் டச்சப் பெயின்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம்; அடுத்த மாதம் எஃப்.சி. என்றால் அது முடியட்டும், பெயின்ட் காயட்டும், பிறகு ஒட்டலாம். வாடகை வண்டியில் வேறொரு கம்பெனியின் விளம்பரம் ஒட்டுகிற வேலை வந்தால், போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள்.

வாடிக்கையாளரைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டால்

நீங்கள் நினைக்கும் ஐந்து வருடத் தடைப் பத்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவு. உங்களோடு ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது உங்கள் வாடிக்கையாளரிடம் தனியாக விலை பேசக் கூடாது என்பது பொதுவாக நிற்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஐந்து வருடம் என்பதை நீதிமன்றத்தில் நிறுத்துவது கடினம். அதைவிடப் பிரயோஜனமானது, வண்டி அளவுகள், டிசைன் கோப்பு, ஒட்டிய தேதி, எஃப்.சி. தேதி எல்லாம் உங்கள் கையில் இருப்பது. டிசைன் செய்தவரிடம் அதன் காப்புரிமையை (காப்பிரைட்) எழுத்தில் உங்கள் பெயருக்கோ கம்பெனி பெயருக்கோ மாற்றி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. மற்றபடி, சொன்ன நாளில் பணம் கொடுக்கும் ஆளைக் கடைக்காரர்கள் எளிதில் இழக்க மாட்டார்கள்.

பணம் நிலுவை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறுதொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் பதிவு இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுத்தால் வட்டி கேட்கும் உரிமையைச் சிறுதொழில் சட்டம் தருகிறது. ஆனால் வெறும் வாங்கி விற்கும் வணிகராகப் பதிந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. உங்கள் வேலை சேவை. பதியும்போது அப்படியே பதியுங்கள். இதையெல்லாம்விடப் பலமான பாதுகாப்பு முன்பணம். பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை வேறு யாருக்கும் விற்க முடியாது. பிரிண்டுக்குப் போகும் முன் குறைந்தது பாதித் தொகையும், டிசைனில் கையெழுத்தும் வாங்காமல் மிஷினை ஓடவிடாதீர்கள். போன் நம்பர் கதவு இடுக்கில் விழுகிறதா, கைப்பிடி எந்த எழுத்தை விழுங்குகிறது என்று அந்த வண்டியின் போட்டோவின் மேலேயே டிசைனைப் போட்டுப் பாருங்கள். கம்பெனி நிறம் சரியா என்று ஒரு சதுர அடி மாதிரி அடித்துக் காட்டுங்கள். திரையில் தெரியும் சிவப்பு வினைலில் அதே சிவப்பாக வராது.

வேலையை விடுவதற்கு முன்

இப்போது ராஜினாமா செய்ய வேண்டாம். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது, கம்பெனியின் வாடிக்கையாளரோடு சொந்த வியாபாரம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள். வேலையில் இருக்கும்போது அந்த நிபந்தனை செல்லும். மசாலா கம்பெனி உங்கள் முதலாளியின் வியாபாரத் தொடர்பு என்றால், அவரிடம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குவதே பாதுகாப்பு.

லீவு நாட்களில் ஒரு ஸ்டிக்கர் கடையில் போய் நில்லுங்கள். சம்பளம் கேட்காமல் வண்டி கழுவவும், அடித்தாள் உரிக்கவும் ஒத்தாசை செய்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு கார் கதவு வாங்கி, இரண்டு மீட்டர் பிலிமை வீணாக்குங்கள். கைப்பிடிப் பள்ளத்தில் பிலிம் எப்படி எழும்புகிறது என்று உங்கள் விரலே சொல்லிக்கொடுக்கும். சேமிப்பில் 2 லட்சத்தை மறுவேலைக்கும் நிலுவைக்கும் என்று தனியாக வைத்துவிட்டு, அலுவலகம், வெப்சைட் என்று எதற்கும் இப்போது செலவு செய்யாதீர்கள்.

மசாலா கம்பெனிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன 120 ரூபாய் விலையைத் திரும்பப் பெறுவதாகவும், ஒரு பழைய வண்டியை முதலில் செய்துகாட்டி, அதன் அளவை வைத்து வண்டிக்கு இவ்வளவு என்று எழுத்தில் விலை தருவதாகவும் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் பதில் அனுப்பும் முன்புவரை நீங்கள் சொன்ன விலையைத் திரும்பப் பெறலாம். ஒப்பந்தச் சட்டம் 5-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பர்ச்சேஸ் ஆர்டர் 120 ரூபாய்க்கு அச்சாகி வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.